அப்பப்பா கப் யாருக்கு?

"எங்கள் வளவு" குடும்பக் குழு, திருகோணமலை

திங்கள்

பெரியப்பா, மாலை 6:10
பிள்ளைகளே, நம் உதைபந்தாட்ட அணியின் சிறந்த வீரருக்கான அப்பப்பா கப்பில் பொறிக்கக் கடைக்காரர் பெயர் கேட்கிறார். வியாழன் இரவுக்குள் சொன்னால்தான் சனிக்கிழமைக்கு முன் பொறித்துத் தருவாராம். வழக்கம்போல அதிக கோல் அடித்தவருக்குத்தானே? அப்படியென்றால் பேரனின் பெயர்தான். 11 கோல்.

ரீச்சர் மாமி, 6:13
வாழ்த்துகள் ராசா! 🏆

நான், 6:24
பெரியப்பா, கொஞ்சம் பொறுங்கள். பேரன் நன்றாக ஆடினான், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இந்த வருடம் நாங்கள் இறுதி ஆட்டம் வரை போனது கோல் காத்த திருக்கடலூர்ப் பெடியனால். அரையிறுதிக்கு நீங்கள் வரவில்லை. கச்சான் காற்று அள்ளி வீசுகிறது. இரண்டாம் பாதி முழுக்க அவனுக்கு முகத்துக்கு நேரே மணல். கண்ணைச் சுருக்கிக்கொண்டே நின்றான். கடைசிப் பெனால்டிக்கு வலப்பக்கம் பாய்ந்து, மேலே இருந்த இடக்கையின் விரல் நுனியால் தட்டிவிட்டான். எழும்பியபோது முழங்கையில் தோல் இல்லை. கையுறையைப் பார்த்தேன். பெருவிரல் பக்கம் கிழிந்ததை வலை பொத்துகிற நைலோன் நூலால் தைத்துப் போட்டிருக்கிறான்.

பெரியப்பா, 6:31
அவன் கெட்டிக்காரன்தான். ஆனால் ஒரு கோலும் அடிக்காதவனுக்குச் சிறந்த வீரர் கப் கொடுப்பதா? எங்கேயாவது அப்படி நடந்திருக்கிறதா?

லண்டன் சித்தப்பா, 6:40
நடந்திருக்கிறது அண்ணா. இங்கே இங்கிலாந்தில் உதைபந்தாட்ட எழுத்தாளர்கள் 1948 முதல் ஆண்டின் சிறந்த வீரரைத் தெரிவு செய்கிறார்கள். முதல் விருது ஸ்டான்லி மத்யூஸுக்கு. 1956இல் கொடுத்தது மன்செஸ்டர் சிற்றி கோல் காப்பாளர் பேர்ட் ட்ரவுட்மனுக்கு. அவர் ஜெர்மன்காரர். உலகப் போரில் பிடிபட்டு, கைதியாக இங்கே வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர். 1949இல் அவரைக் கழகத்தில் சேர்த்தபோது தெருவில் இறங்கி எதிர்த்தவர்கள் ஆயிரக்கணக்கில். ஏழு வருடம் கழித்து அதே நாடு அவரைச் சிறந்த வீரர் என்றது.

லண்டன் சித்தப்பா, 6:44
இன்னும் கேளுங்கள். விருது அறிவித்த கையோடு, இங்கிலாந்துக் கழகங்கள் மோதுகிற எஃப்.ஏ. கிண்ண இறுதி ஆட்டம். 17 நிமிடம் மிச்சம் இருக்கும்போது எதிரணி வீரரின் முழங்கால் கழுத்தில் இடித்துவிட்டது. அந்தக் காலத்தில் மாற்று வீரர் இல்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டே நின்று காத்தார், 3-1 என்று வென்றார்கள். சில நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது!

ரீச்சர் மாமி, 6:46
ஐயோ கடவுளே.

மாமியின் மகள், 6:52
மாமா, இந்தியாவிலும் கொடுத்திருக்கிறார்கள். அங்கே உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை, கோல் அடிக்கிற சுனில் சேத்ரி மட்டும் 7 தடவை வாங்கியவர். அப்படி முன்னால் நிற்கிறவர்களுக்கே போகிற விருது, 2009இல் கோல் காப்பாளர் சுப்ரதா பாலுக்குப் போனது. அடுத்த கோல் காப்பாளருக்குக் கிடைக்க 2019-20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் குர்பிரீத் சிங் சந்து.

ரீச்சர் மாமி, 6:55
பெண்கள் விருதையும் சொல்லு பிள்ளை. 2023-24இல் வாங்கியது கடலூர் இந்துமதி கதிரேசன். தமிழ்ப் பிள்ளை, தமிழ்நாடு பொலிசில் சப் இன்ஸ்பெக்டர். அவவும் முன்வரிசை இல்லை, நடுக்களத்தில் ஆடுகிறவ. கடலூரும் நம்மைப் போல 2004இல் கடல் அடித்த கரைதான். செய்தியைப் பார்த்த அன்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெரியப்பா, 7:08
சரி, கோல் காப்பாளருக்கும் கொடுக்கலாம் என்று விளங்குகிறது. ஆனால் கோலை எண்ணலாம். தடுத்ததை யார் எண்ணி வைத்தார்கள்? சொந்தப் பேரனை விட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு மனத் தடை இல்லை. நாளைக்கு ஒருவர் வந்து "எப்படித் தெரிவு செய்தீர்கள்" என்று கேட்டால் சொல்ல ஒரு முறை வேண்டும். அங்கெல்லாம் யார் தெரிவு செய்கிறார்கள்?

மாமியின் மகள், 7:11
குர்பிரீத்துக்குக் கிடைத்த வருடம் அங்கத்தைய ஐ.எஸ்.எல்., ஐ-லீக் என்ற போட்டித் தொடர்களில் ஆடுகிற கழகங்களின் பயிற்சியாளர்கள் வாக்குப் போட்டார்கள் மாமா.

லண்டன் சித்தப்பா, 7:15
இங்கே எழுத்தாளர்கள் விருது ஒன்று, ஆட்டக்காரர் சங்கத்தின் விருது இன்னொன்று. சங்கத்து விருது 1974இல் தொடங்கியது. அதில் வாக்குப் போடுவது களத்தில் ஆடுகிறவர்களே. முதல் தடவை அவர்கள் தெரிவு செய்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? லீட்ஸ் அணியின் நோர்மன் ஹன்டர். பின்வரிசைக்காரர். காலைக் கடிப்பார் என்று பதாகை கட்டுகிற அளவுக்குப் பெயர் எடுத்த முரடர். ஆனால் தங்களில் சிறந்தவர் அவர்தான் என்று எதிரில் ஆடியவர்களே எழுதிக் கொடுத்தார்கள்.

நான், 7:19
பெரியப்பா, நமக்கும் அதுதான் சரி. எழுத்தாளர் இல்லை, பயிற்சியாளர் என்று பார்த்தால் நான் ஒருவன், எனக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்வு. 16 பேரும் ஆளுக்கு ஒரு துண்டில் பெயர் எழுதட்டும். தன் பெயரைத் தானே எழுதக் கூடாது.

பெரியப்பா, 7:33
🎤 குரல் பதிவு (1:12)

ரீச்சர் மாமி, 7:38
பஸ்ஸில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. என்ன சொல்கிறார்?

நான், 7:41
அப்பப்பா இங்கே கடற்படை டொக்யார்டில் வேலை செய்த காலத்தைச் சொல்கிறார் மாமி. வெள்ளைக்காரக் கடற்படை 1957இல் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் வரை, கப்பல்காரர்களோடு அப்பப்பா ஆட்கள் வெறுங்காலோடு பந்தடித்தார்களாம். அவர்கள் சப்பாத்து, இவர்கள் வெறுங்கால். ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் அப்பம்மா நல்லெண்ணெய் சுடவைத்துக் காலில் தேய்ப்பாவாம். ஒரு நாளும் ஒரு கப் கையில் வாங்காத மனிதர். அதனால்தான் தான் இந்தக் கப்பைத் தொடங்கியதாகவும், பிழையாக ஒருவருக்குப் போவதைத் தாங்க முடியாது என்றும் சொல்கிறார். துண்டு எழுதச் சம்மதம்.

பேரன், 8:02
தாத்தா, நான் இவ்வளவு நேரமும் பேசாமல் இருந்தது கோபத்தில் இல்லை. எனக்கு அந்தக் கப் மேல் ஆசை இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். சின்ன வயதிலிருந்து அலுமாரிக்கு மேலே பார்த்துக்கொண்டு வளர்ந்தது. ஆனால் துண்டு எழுதுவதுதான் சரி. நானும் எழுதுவேன்.

பெரியப்பா, 8:04
என் ராசா ❤️

மாமியின் மகள், 8:06
நானும் பின்னேரம் பின்னேரம் ஏகாம்பரம் கிரவுண்டில் உங்களோடு பயிற்சி எடுக்கிறேன். எனக்குத் துண்டு உண்டா?

நான், 8:07
16 பேரில் நீயும் ஒருத்தி. உன்னைச் சேர்த்துத்தான் எண்ணினேன்.

வியாழன்

நான், மாலை 6:35
எழுதி முடித்தாயிற்று. கொப்பித் தாளைக் கிழித்து மடித்து, என் தொப்பிக்குள் போடச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்க்காமல் சைக்கிள் சீற்றில் வைத்து எழுதினார்கள். பரீட்சைக்குக் கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

லண்டன் சித்தப்பா, 6:36
சொல்லு தம்பி! வேலையில் நிற்கிறேன், கை ஓடவில்லை.

நான், 6:41
பேரனுக்கு 3. கோல் காத்த பெடியனுக்கு 5. மற்ற 8 துண்டும் நடுப் பின்வரிசையில் நிற்கிற பாலையூற்றுப் பெடியனுக்கு.

பெரியப்பா, 6:43
அது யார்?

ரீச்சர் மாமி, 6:43
நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.

நான், 6:47
கொஞ்சம் ஒல்லி, பேச்சுக் குறைவு. ஆட்டம் முடிந்ததும் வலையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போவான். உண்மையைச் சொன்னால், திங்கட்கிழமை நான் இவ்வளவு எழுதியபோது அவன் ஞாபகமே எனக்கு வரவில்லை. எல்லா ஆட்டத்துக்கும் நின்று பார்த்தவன் நான்.

பேரன், 6:52
நான் அவனுக்குத்தான் எழுதினேன். அவன் பின்னால் நின்றால் பந்து பறிபோனாலும் நான் திரும்பி ஓடத் தேவையில்லை. அந்த 11 கோலும் அப்படி முன்னாலேயே நின்றதால் வந்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்த அந்த ஒரு ஆட்டத்தில் 4 கோல் வாங்கினோம், ஞாபகம் இருக்கிறதா சித்தப்பா?

நான், 6:53
இருக்கிறது. அன்றைக்குக் கோல் காப்பாளரை ஏசினேன்.

மாமியின் மகள், 6:55
கோல் காப்பாளரும் அவனுக்குத்தான் எழுதினாராம். துண்டு போடும்போதே சத்தமாகச் சொல்லிவிட்டார்.

லண்டன் சித்தப்பா, 6:58
பெடியனுக்கு ஒரு நல்ல கோல் காப்பாளர் கையுறை என் கணக்கில். நாளைக்கே காசு போடுகிறேன். கை அளவு கேட்டு எழுது தம்பி.

பெரியப்பா, 7:05
கடை வாசலில் நிற்கிறேன். கடைக்காரர் பூட்டப் போகிறார். பாலையூற்றுப் பிள்ளையின் முழுப் பெயரைத் தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு தமிழில் எழுதி அனுப்பு. அது "செ"யா "சே"யா என்று அவனிடமே கேட்டு எழுது. பொறித்த பிறகு மாற்ற முடியாது.