மட்டம் நல்லாத்தான் இருக்கு, போர் தண்ணி ஏன் உப்பு கரிக்குது?

கேள்வி (தண்டையார்பேட்டை பிளாட்)
80 அடி போர். மத்திய அரசின் நீர்வளத் தகவல் தளமான இந்தியா-டபிள்யூ.ஆர்.ஐ.எஸ்-இல் பக்கத்துக் கண்காணிப்புக் கிணற்றின் ஜனவரி மட்டம் நன்றாக இருக்கிறது. எங்கள் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) லிட்டருக்கு 1,900 மி.கி. எதை நம்புவது? தெருத் தெருவாக அளந்து பொது ஷீட்டில் போட்டால் பயன் உண்டா?

பதில் 1 (அளவு டேப்)
ஜனவரி என்றால் மழை முடிந்த கையோடு எடுத்தது சார், எந்தக் கிணறும் அப்போது அழகாகத்தான் தெரியும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் வருடத்துக்கு நான்கு முறை அளக்கிறது. மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

தளத்தில் இருக்கும் எண் தரையிலிருந்து கணக்கிட்ட ஆழம். கடலோரத்தில் அது மட்டும் போதாது. உங்கள் தரை கடல்மட்டத்துக்கு 4 மீட்டர் மேலே, தண்ணீர் 6.4 மீட்டர் ஆழத்தில் என்றால் மட்டம் கடலுக்கு 2.4 மீட்டர் கீழே. உப்புநீர் உள்ளே வர வழி அதுதான். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் 1960களின் கடைசியிலேயே இப்படி ஏறிவிட்டது. தரை உயரத்துக்கு போன் ஜிபிஎஸ் வேண்டாம், பல மீட்டர் தப்பும்.

அளக்க: முதல்நாள் இரவே மோட்டாரை நிறுத்துங்கள். இரும்பு டேப்பின் நுனி 2 மீட்டருக்குச் சாக்பீஸ் தேய்த்து, கேசிங் (போரின் வெளிக்குழாய்) விளிம்பில் 8.00 மீட்டர் வரும்வரை இறக்குங்கள். நனைந்த கோடு 1.15இல் நின்றால் 8.00 - 1.15 = 6.85. அதில் கேசிங் தரைக்கு மேல் நீட்டியிருக்கும் 0.45ஐக் கழிக்க மறப்பவர்கள்தான் அதிகம். டேப் மோட்டார் கேபிளில் சிக்கும். ஒரு இன்ச் பிவிசி பைப்பைத் தனியாக இறக்கி அதற்குள் விடுங்கள்.

பதில் 2 (லேப் பக்கம்)
டிடிஎஸ் உப்பு எவ்வளவு என்று சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. லேபில் குளோரைடும் ஆல்கலினிட்டியும் (காரத்தன்மை) லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று கேளுங்கள். இரண்டையும் ஒப்பிட, அவற்றின் சமான எடையால் வகுக்க வேண்டும். உதாரணமாக, குளோரைடு 710ஐ 35.5ஆல் வகுத்தால் 20. ஆல்கலினிட்டி 300ஐ 50ஆல் வகுத்தால் 6. விகிதம் 3.3. 0.5க்குள் இருந்தால் கவலையில்லை, 2.8 தாண்டினால் கடல்நீர்க் கலப்பு கடுமை. ஆனால் சாக்கடையும் குளோரைடு சேர்க்கும். நைட்ரேட் லிட்டருக்கு 45 மி.கி. தாண்டினால் அதைச் சந்தேகியுங்கள். நைட்ரேட் குறைவு என்று விட்டுவிடவும் வேண்டாம், காற்றில்லாத மண்ணில் அது அம்மோனியாவாகவே கிடக்கும்.

டிடிஎஸ் மீட்டரை 1413 கரைசலில் (மின்கடத்துத்திறன் 1413 µS/cm என்று தெரிந்த சோதனைக் கரைசல்) மாதம் ஒருமுறை சரிபாருங்கள். எண்ணெய்க் கலப்பு இந்த மீட்டரில் தெரியவே தெரியாது. எண்ணெய் வாடை வந்தால் அது தனி டெஸ்ட்.

கேள்வி கேட்டவர்
ஷீட்டில் கேசிங் உயரத்தைக் கழித்த எண் மட்டும் போட்டால் போதுமா?

பதில் 1
போதாது. டேப்பில் படித்தது, கேசிங் உயரம், மோட்டார் நின்ற நேரம், போர் ஆழம் எல்லாம் ஷீட்டில் தனித்தனி நெடுவரிசை. கழித்தது தப்பென்றால் பிறகு திருத்தலாம், படித்ததே இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டு எண் வேண்டாம், தெருமுனை போதும்.