மாடித்தோட்டத்துக்கு எந்த ஒளிமானி வாங்கலாம்?

சத்துவாச்சாரி மாடி:
வணக்கம். மொட்டை மாடியில் இலவம்பாடி முள்ளுக்கத்திரி நாற்று விட்டிருக்கிறேன். மேலே பச்சை நிழல்வலை, 50 சதவீதம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நாற்றெல்லாம் தண்டு மெலிந்து நெட்டையாகப் போகிறது. வலை அதிகமாக மறைக்கிறதோ என்று சந்தேகம். லக்ஸ் மீட்டர் போதுமா, செடிக்குப் பயன்படும் ஒளியை அளக்கிற பார் (PAR) மீட்டர்தான் வேண்டுமா? ஹாலில் மேற்கு ஜன்னலுக்கு சன் ஃபிலிம் ஒட்டும் எண்ணமும் உண்டு. அதையும் இதிலேயே பார்க்க முடியுமா?

காட்பாடி நாற்றங்கால்:
வெயிலில் வளர்ப்பவருக்கு லக்ஸ் மீட்டரே தாராளம். ஆனால் 2 லட்சம் லக்ஸ் வரை காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சித்திரை மதியத்தில் நம்ம ஊர் வெயில் 1 லட்சத்தைத் தொடும். 50,000 வரை மட்டும் காட்டுகிற மலிவு மீட்டர் வெளியே எடுத்ததுமே கையை விரித்துவிடும். சென்சார் தனியாக வயரில் வருவது நல்லது. நாற்றுத்தட்டின் மேல் மட்டமாக வைத்துவிட்டு, நம் நிழல் விழாமல் தள்ளி நின்று படிக்கலாம். அதன் மேல் வெள்ளைக் குமிழ் இருக்கட்டும், சாய்வாக வரும் காலை வெயிலை அதுதான் ஒழுங்காகப் பிடிக்கும். போனில் அந்தக் குமிழ் கிடையாது, லக்ஸ் காட்டும் ஆப்பை நம்ப வேண்டாம்.

மேகமில்லாத நேரத்தில் வலைக்கு வெளியே ஒருமுறை, உடனே உள்ளே ஒருமுறை அளங்கள். வெளியே 90,000, உள்ளே 27,000 என்றால் வலை 70 சதவீதம் மறைக்கிறது. மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டினாலும் இந்த விகிதம் பெரிதாகத் தப்பாது.

வெயில் லக்ஸை 54ஆல் வகுத்தால் செடிக்கான ஒளி, ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் என்ற கணக்கு வரும். 27,000 என்பது சுமார் 500. அது ஆறு மணி நேரம் கிடைத்தால் ஒரு நாளில் சேர்வது 10.8 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). நாற்றுக்குத் தாங்கும், காய்க்கிற கத்திரிக்குக் காணாது, அதற்கு 20க்கு மேல் வேண்டும். அவ்வளவு கிடைத்தும் நெட்டை போட்டால் நாற்று நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

குடியாத்தம் எல்இடி:
ஒரு திருத்தம். ஊதா நிற எல்இடி விளக்கில் வளர்ப்பவருக்கு லக்ஸ் மீட்டர் உதவாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்குத்தான் மதிப்பு அதிகம். சிவப்பு, நீல விளக்கைக் குறைத்துக் காட்டும். அங்கே பார் மீட்டர்தான்.

ராணிப்பேட்டை கண்ணாடி:
ஜன்னல் விஷயம். கண்ணாடியில் சென்சாரை ஒட்டிப் பிடித்து, சாம்பிள் ஃபிலிம் இல்லாமல் ஒருமுறை, வைத்து ஒருமுறை அளந்தால் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று தெரியும். சூடு தெரியாது. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பு, லக்ஸ் மீட்டருக்கு அது கண்ணிலேயே படாது. ஒரே அளவு கறுப்பாக இருக்கிற இரண்டு ஃபிலிமில் ஒன்று அறையைக் குளுமையாக வைக்கும், இன்னொன்று வைக்காது. மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கும் என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

சத்துவாச்சாரி மாடி:
எல்லோருக்கும் நன்றி. மீட்டர் வந்துவிட்டது. வெளியே 88,000, வலைக்குள் 31,000. ஆக 50 என்று கொடுத்த வலை 65 மறைக்கிறது! இனி வலையை 11 மணிக்கு இழுத்து, 3 மணிக்கு விலக்கப் போகிறேன். நாற்றும் நெருக்கம்தான், நாளைக்கே கலைத்து விடுகிறேன்.