ரேடியேட்டருக்குத் தமிழ், வெள்ளிக்கிழமைக்குள்

உதகை, மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, இங்கே ஒரு பழைய பங்களாவில் பாய்லரில் காய்ச்சிய வெந்நீரைக் குழாய் வழியே அறை அறையாகச் சுற்றவிட்டுக் குளிர் போக்குகிறார்கள். புதிதாகக் கட்டிய அறைக்கும் ஒரு ரேடியேட்டர், அதாவது அந்த வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு, சேர்க்க வேண்டுமாம். பிளம்பர்களுக்குத் தமிழில் கையேடு கேட்கிறார்கள். 'கதிர்வீச்சி' சரிதானா?

குன்னூர், இயற்பியல் ஆசிரியர்:
வேண்டாம் அம்மா. கதவில் 'கதிர்வீச்சி உள்ளது' என்று ஒட்டினால், வந்த விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவார். அதோடு பெயரும் பொருந்தாது. தகட்டை ஒட்டிய காற்று சூடேறி மேலே போக, குளிர்காற்று கீழிருந்து வந்து நிரப்புகிறது. பெரும்பங்கு வெப்பச்சலனம்தான். 'வெப்பம் பரப்பி' என்று வையுங்கள்.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'பரப்பி' வினையெச்சம் போல அந்தரத்தில் நிற்கிறது. பரப்பி, அப்புறம் என்ன செய்தது? நம்மிடம் கணப்பு இருக்கிறதே! காய்ச்சல் வந்தால் உடம்பு கணகண என்கிறது, குழந்தைக்குக் கணச்சூடு, எல்லாம் ஒரே வேர், கனலும் அதன் பங்காளிதான். 'கணப்பி' எனலாம். இன்னும் பழையது வேண்டுமென்றால், நெடுநல்வாடையில் கூதிர்க் குளிருக்கு நெருப்பிட்ட அகன்ற வாய்ச் சட்டியின் பெயர் 'தடவு'. இரண்டே குறிலும் ஓர் உகரமும்! இதைவிட என்ன வேண்டும்?

மதுரை:
கனலில் இருப்பது றன்னகரம், கணப்பில் இருப்பது டண்ணகரம். முடிச்சுப் போடாதீர்கள் ஐயா. ரேடியேட்டர் என்றே எழுதினாலும் ரகரம் மொழிமுதல் வராது, 'இரேடியேட்டர்' என்க.

சென்னை, மென்பொருள்:
இரேடியேட்டர் என்று கேட்டால் கடைக்காரர் இரண்டு கட்டித் தருவார். கணப்பியோ கணினியின் தம்பி மாதிரி இருக்கிறது. காரில் எஞ்சினைக் குளிர்விப்பதையும் கணப்பி என்பீர்களா?

கோத்தகிரி, பிளம்பிங் காண்டிராக்டர்:
எங்கள் பையன்களுக்கு ரேடியேட்டர் என்றால் தெரியும். வேலையைப் புரிகிற மாதிரி எழுதுங்கள் மேடம். இன்னும் ஒன்றை பாய்லர் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அணைத்து, ஆறவிட்டு, தண்ணீரை வடித்து, போகிற குழாயில் ஒரு டி, அதாவது கிளை பிரிக்கிற மூவழி இணைப்பு, திரும்பி வருகிற குழாயில் ஒரு டி போட வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் சொருகினால் புதியது சரியாகச் சூடாகாது. மறுபடி நிரப்பும்போது அழுத்தம், ஆறிய நிலையில், 1 முதல் 1.5 பார் போதும். மேல் மூலைத் திருகை லேசாகத் திறந்து காற்று எடுங்கள். புஸ் சத்தம் நின்று தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடலாம். மேல்பாதி சில்லென்றும் கீழ்பாதி சூடாகவும் இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கிற ரேடியேட்டரே வெந்நீரையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற பக்கத்து வால்வைக் கொஞ்சம் அடக்கினால்தான் கடைசி அறைக்குப் போய்ச் சேரும்.

உதகை:
போகும் குழாய், திரும்பும் குழாய், காற்று எடுத்தல், வால்வை அடக்குதல். நான்கையும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கொடைக்கானல்:
'அடக்குதல்' யானைக்கு ஆகும், வால்வுக்கு ஆகாது. 'சமன்செய்தல்'.

குன்னூர்:
ஒரு வால்வை அடக்குகிறோம், அதனால் எல்லா அறையும் சமனாகிறது. இரண்டும் வேண்டும் ஐயா.

உதகை:
நாளை வெள்ளி. தலைப்பில் மட்டும் 'கணப்பி என்னும் ரேடியேட்டர்', உள்ளே எல்லா இடத்திலும் ரேடியேட்டர். குன்னூரும் கோத்தகிரியும் சரி என்றுவிட்டார்கள். சென்னை 'ஏதோ ஒன்று' என்கிறது, அதையும் சரியென்றே எடுத்துக்கொள்கிறேன்.

மதுரை:
இகரம் இல்லாமல் எனக்கு உடன்பாடில்லை.

கொடைக்கானல்:
எனக்கும்தான், ஆனால் காரணம் வேறு. தடவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றிரவே தனி இழை தொடங்குகிறேன்.