தைரொயிட் ஒப்பரேசன் முடிஞ்சு வாட்டில இருந்த நாள்கள்

அடுத்த கிழமை ஒப்பரேசன், பயமாக் கிடக்கு எண்டு எழுதின தங்கச்சிக்கு: நான் மாங்குளம். போன வருசம் எனக்குக் கழுத்தில இருக்கிற தைரொயிட் சுரப்பியை முழுசா எடுத்தவை.

மயக்கம் தெளிய, கழுத்தை விடத் தொண்டைதான் கூட நொந்தது. மூச்சுக்கு வைச்ச குழாய் உரசினதாம். குரலும் கரகரத்துத்தான் வந்தது, ரெண்டு கிழமையில சரியாயிட்டுது. கழுத்தில இருந்து மெல்லிய குழாயொண்டு சின்னப் போத்திலுக்குப் போகும், அதுக்குள்ள சிவப்பா நீர் இறங்கும். பயப்பிடாதேங்கோ. எனக்கு ரெண்டாம் நாள் அதைக் கழட்டினவை. எழும்பேக்க பின்னந்தலையை ரெண்டு கையாலயும் தாங்கிக்கொண்டு எழும்புங்கோ. பக்கத்துக் கட்டில் அம்மாதான் எனக்குக் காட்டித் தந்தவ.

ரெண்டாம் நாள் இரவு சொண்டைச் சுத்தி எறும்பு ஊருற மாதிரி இருந்தது. பிறகு விரல் நுனியெல்லாம் விறைச்சுது. நடுச்சாமத்தில நேர்ஸ் மிஸ்மாருக்கு ஏன் கரைச்சல் எண்டு சொல்லாமல் கிடந்திட்டன். விடியக்குள்ள கைவிரல் அஞ்சும் குவிஞ்சு இறுகிப்போச்சு, விரிக்கேலாது. டொக்டர் வந்து காதுக்கு முன்னால கன்னத்தில விரலால தட்ட, சொண்டு தன்பாட்டில துடிச்சுது. கல்சியம் இறங்கிட்டுது எண்டார். தைரொயிட்டுக்குப் பின்னால அரிசிமணியளவில நாலு சுரப்பி ஒட்டிக்கிடக்காம், கல்சியத்தைச் சமப்படுத்துறது அதுகள்தான். ஒப்பரேசனில அதுகளுக்கு இரத்தோட்டம் குழம்பினால் கொஞ்சக் காலம் ஒழுங்கா வேலை செய்யாது. நாளத்தால மெல்ல மெல்லக் கல்சியம் ஏத்தினவை. விரல் ஒவ்வொண்டா விரிஞ்சதைப் பார்த்து அழுதிட்டன். தங்கச்சி, சொண்டு விறைச்சால் அந்த நிமிசமே சொல்லுங்கோ. எத்தினை மணியெண்டாலும்.

*

வவுனியாவிலயிருந்து நானும் ஒண்டு சொல்லுறன். என்ர மனுசனுக்கு ஒப்பரேசன் முடிஞ்ச அண்டைக்கு இரவே கழுத்து வீங்கத் தொடங்கிட்டுது. பிளாஸ்டர் இறுக்குது எண்டார், பிறகு மூச்சு இழுத்தது. நான் வாட்டுக்குள்ள கத்திக்கொண்டு ஓடினன். கட்டில்லயே தையலை வெட்டித் திறந்து, அப்பிடியே தியேட்டருக்குக் கொண்டு போனவை. உள்ளுக்குள்ள இரத்தம் கசிஞ்சு தேங்கினதாம். இது எல்லாருக்கும் வாறேல்ல, ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளதான். அண்டைக்கு இரவு பக்கத்தில ஆள் நிக்க விடுவினமோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ.

*

நான் முள்ளியவளை. எனக்குத் தைரொயிட்டில ஒரு பக்கம் மட்டும் எடுத்தபடியால் ரெண்டே நாளில துண்டு வெட்டி வீட்டை விட்டிட்டினம், தைரொயிட் சுரக்கிறதுக்குப் பதிலாப் போடுற தைரொக்சின் குளிசையும் தேவைப்படேல்ல. மாங்குளம் அக்கா, நீங்கள் குளிசை எப்பிடிப் போடுறனீங்கள்?

*

விடிய 5 மணிக்கு வெறுவயித்தில தண்ணியோட தைரொக்சின். அரை மணித்தியாலம் போகத்தான் தேத்தண்ணி. கல்சியத்தை அதோட சேர்த்துப் போடக்கூடாது, நாலு மணித்தியாலமாவது இடைவெளி வேணும். சேர்த்துப் போட்டால் தைரொக்சின் உடம்பில சுவறாது. ஆறு கிழமையில இரத்தம் சோதிச்சுத்தான் எனக்கு அளவை மாத்தினவை.

தங்கச்சி, முன்னுக்குப் பட்டன் வைச்ச சட்டை ரெண்டு கொண்டு போங்கோ. தலையால போடுற சட்டை காயத்தில உரசும்.