‘பேட்ரோல் போட்’: ரோந்துப் படகா, சுற்றுக்காவல் படகா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கடற்பாதுகாப்புச் சொற்பட்டியலில் ‘பேட்ரோல் போட்’ என்பதற்குக் ‘காவல் படகு’ என்று எழுதியிருந்தேன். காவல்துறையின் படகுக்கும் அதே சொல்லைப் போட்டிருப்பதை இன்றுதான் கவனித்தேன். கடற்படையின் படகும் காவல்துறையின் படகும் ஒரே பெயரில் இருந்தால் படிப்பவர் குழம்புவார். செய்திகளில் ‘ரோந்துப் படகு’ நிலைத்துவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமா? சென்ற வாரம் அம்மா ஒருவர் ‘கண்காணிப்புப் படகு’ என்று எழுதினார். ‘சுற்றுக்காவல் படகு’ என்ற கருத்தும் வந்தது. உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

*

ஐயா, வணக்கம்.

‘ரோந்து’ எல்லாருக்கும் புரிகிற சொல், அதை விரட்டச் சொல்லமாட்டேன். தமிழ்ச்சொல் ரகரத்தில் தொடங்காது என்ற தொல்காப்பிய விதியைச் சிலர் காட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல்லுக்குத் தமிழில் வேர் இல்லாததுதான். அதிலிருந்து வினையோ கிளைச்சொல்லோ முளைப்பதில்லை. ‘ரோந்து போனது’, ‘ரோந்து வந்தது’ என்பதோடு நின்றுவிடுகிறது.

சொல்லைத் தேடுமுன் அந்தப் படகு என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது ஏன் ஓரிடத்தில் நின்று காப்பதில்லை? ரேடார் அலை ஏறத்தாழ நேராகச் செல்கிறது, கடற்பரப்போ வளைந்திருக்கிறது. 9 மீட்டர் உயரத்தில் ரேடார் பொருத்திய படகுக்கு அடிவானம் ஆறேழு கடல்மைலிலேயே முடிந்துவிடும். மரத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆன சிறு படகு அந்த எல்லைக்குள்ளும் மங்கலாகத்தான் தெரியும். கடல் கொந்தளித்தால் அலைகளின் எதிரொளியில் மறைந்தே போகும். பன்னாட்டுப் பயணம் செய்யும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் தம் பெயரையும் இருப்பிடத்தையும் தாமே அறிவிக்கும் தானியங்கி அடையாளக் கருவி வைத்திருக்க வேண்டும் என்று விதி உண்டு. சிறு படகுகள் அந்த விதிக்குள் வருவதில்லை. ஆகவே போய்ப் பார்த்தாக வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். இந்த ‘போய் வருதல்’ சொல்லில் இருக்க வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை.

அம்மாவின் ‘கண்காணிப்பு’ அழகான சொல். ஆனால் இந்தப் படகு பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. நிறுத்துகிறது, ஆளை ஏற்றிச் சோதிக்கிறது, ஓடினால் துரத்துகிறது. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கைப்படி கரையோர நாட்டுக்கு 12 கடல்மைல் வரை ஆட்சிக்கடல். 24 வரை சுங்கம், வரி, குடியேற்றம், நலவாழ்வு பற்றிய சட்டமீறல்களைத் தடுக்கலாம். 200 வரை மீன்வளத்தின் மேல் உரிமை. இந்த ஒவ்வொரு கோட்டிலும் அந்த நாட்டின் கையாக நிற்பது இந்தப் படகுதான். கண்காணிப்பு வானூர்தியாலும் செயற்கைக்கோளாலும் நடக்கும். ஒரு படகை மறித்து அதன் தளத்தில் ஏறுவதற்குப் படகுதான் வேண்டும். ஆகவே ‘காவல்’ என்பதை விடமுடியாது. ‘தாக்குதல் படகு’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது வேறு இனம்.

> ‘சுற்று’ என்றால் வளையம் அல்லவா? படகு கரையோரமாகப் போய் வருகிறது. எங்கே சுற்றுகிறது?

‘சுற்றுக்காவல்’ பற்றிக் குழுவில் எழுந்த நல்ல கேள்வி இது, நானும் இதில் சில நாள் தடுமாறினேன். சுற்றுச்சுவர், சுற்றுவேலி என்பவற்றில் வளையம் இருக்கிறது, அவை அசைவதும் இல்லை. ஆனால் சுற்றுலா, சுற்றுப்பயணம் என்பவற்றைப் பாருங்கள். அங்கே யாரும் வட்டம் போடுவதில்லை, பல இடம் போய் வருகிறார்கள். ‘ஊர் சுற்றுகிறான்’ என்றால் ஊரை வளைத்து நடக்கிறான் என்றா கொள்கிறோம்? சுற்றுக்காவல் இந்த இரண்டாம் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் காவல் நமக்குப் புதிதும் அன்று. மதுரைக்காஞ்சியில் மழை பெய்த நள்ளிரவிலும் சோர்வில்லாமல் எழுந்து தெருக்களில் உலவும் ஊர்காப்பாளர் செய்ததும் இதே வேலைதான்.

கிளைச்சொல்லும் கிடைக்கிறது. செயலுக்குச் சுற்றுக்காவல், துறைமுகம் விட்டுத் திரும்பும்வரையான ஒரு தடவைக்குக் காவற்சுற்று. ‘இரண்டாம் காவற்சுற்றில் பிடிபட்டது’ என்று எழுதலாம். ரோந்தை வைத்து இதை எழுதிப் பாருங்கள், வேறுபாடு தெரியும்.

‘படகு’ பற்றி ஒரு சொல். இந்தியக் கடலோரக் காவல்படையின் விக்ரம் வகை 98 மீட்டர் நீளம், அதைப் படகு என்றால் பொருந்தாது. சிறியதற்குப் படகு, பெரியதற்குக் கலம் என்று வைப்போம்.

*

வணக்கம். ‘சுற்றுலா’ ஒப்புமை என் ஐயத்தைத் தீர்த்தது, ஏற்கிறேன். நீளம்தான் உறுத்துகிறது. ‘தொலைகடல் விரைவுச் சுற்றுக்காவல் கலம்’ எந்தத் தலைப்பில் அடங்கும்?

*

அம்மா, முதல் இடத்தில் முழுப்பெயரை எழுதிவிட்டு, பிறகு ‘காவற்கலம்’ என்று சுருக்கலாம். சூழல் தெளிவாக இருப்பதால் காவல்துறையோடு குழம்பாது. தனியாக நிற்கும் பட்டியலில் மட்டும் சுருக்கம் வேண்டாம்.

*

அனைவருக்கும் நன்றி. ‘சுற்றுக்காவல் படகு’ என்று திருத்திவிட்டேன். பக்கத்தில் ‘ரோந்துப் படகு’ வழக்குச்சொல்லாக இருக்கும், தேடுபவர் எதை இட்டாலும் கிடைக்க வேண்டும்.

அடுத்து ‘ஹாட் பர்சூட்’. ஒரு மொழிபெயர்ப்பில் ‘சூடான துரத்தல்’ என்று பார்த்தேன், மனம் வருந்தியது. உடன்படிக்கையின் 111-ஆம் பிரிவின்படி, ஒரு நாடு தன் கடலில் சட்டம் மீறிய கப்பலை, எந்த நாட்டுக்கும் உரியதல்லாத ஆழ்கடலிலும் துரத்தலாம். ஆனால் துரத்தல் நடுவில் அறுபடக்கூடாது. அந்தக் கப்பல் தன் நாட்டின் அல்லது வேறொரு நாட்டின் ஆட்சிக்கடலுக்குள் புகுந்தால் உரிமை முடிந்தது. அறுபடாமையே உயிர் என்பதால் ‘விடாத் துரத்தல்’ என்று முன்வைக்கிறேன். ‘தொடர்துரத்தல்’ என்றால் தொடர்ச்சியான பல துரத்தல்கள் என்றும் பொருள்படுமோ என்று ஐயம். சொல்லுங்கள்.