பழைய வெர்ஷனில் வரும் பிழைப் புகார்களை என்ன செய்கிறீர்கள்?

அவிநாசிக்காரன்:
திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். இப்போதைய வெர்ஷன் 4.2. ஆனால் 12 கம்பெனிகளில் இன்னும் 2.6 தான் ஓடுகிறது, பாதிக்கு மேல் விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியதும் வாட்ஸ்அப்பில் புகார் குவிந்தது. 1,200 ரூபாய்ச் சட்டைக்கு 5 சதவீதம் வர வேண்டும், 2.6 பழையபடி 12 போடுகிறது. அதில் வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதியிருந்தேன், 4.2-ல் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம். ‘புதுசுக்கு மாறிக்குங்க’ என்று சொல்லிப் புகாரை மூட மனசு வரவில்லை. ஒவ்வொன்றையும் திருத்த உட்கார்ந்தால் புது வேலை நின்றுபோகிறது. நீங்களெல்லாம் என்னங்க பண்றீங்க?

பெருந்துறை:
தம்பி, மூடாதீங்க. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு எடைச் சீட்டு மென்பொருள் கொடுத்திருந்தேன். பழைய வெர்ஷன் வைத்திருந்த ஒருவர் ‘மூட்டைக்கு முந்நூறு, நானூறு கிராம் குறையுதுங்க’ என்றார். அப்டேட் பண்ணச் சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் புது வெர்ஷனிலும் அதே பிழை! கிலோவுக்குக் கீழே உள்ளதை வெட்டி எறிந்துகொண்டிருந்தது. அத்தனை நாளும் குறைந்தது விவசாயி காசு. இன்று நினைத்தாலும் உறுத்துகிறது.

அதற்கப்புறம், எந்த வெர்ஷன் புகாராக இருந்தாலும் புதுசிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டிலும் இருந்தால் முதலில் புதுசில் திருத்தம், பிறகுதான் பழசுக்கு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், திருத்தங்கள் மட்டும் போடும் ஸ்டேபிள் வெர்ஷன்களுக்கும் இதே வழக்கம்தான். பழசில் மட்டும் இருந்தால், காசோ கணக்கோ கெடுகிறதா என்று பார்ப்பேன். கெட்டால் திருத்துவேன். பட்டன் நிறம், பிரிண்ட் ஓரம் மாதிரி என்றால் ‘இதில் செய்யமாட்டோம், இப்படிச் சமாளிங்க’ என்று எழுதியே கொடுத்துவிடுவேன். உங்களுடையது வரி, கட்டாயம் திருத்த வேண்டியது. 2,500-க்கு மேல் விலையுள்ள உருப்படிக்கு 18 என்பதையும் பார்த்துக்குங்க.

சூலூர்:
நிரல் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் 2.6-க்கு டேக், அதாவது அடையாளக் குறி, இருக்கிறதா? அதிலிருந்து தனிக் கிளை (நிரலின் தனிப் பிரதி) எடுத்து, இந்த ஒரு திருத்தத்தை மட்டும் போட்டு 2.6.1 என்று கொடுங்கள். வேறெதையும் தொடாதீர்கள். விண்டோஸ் 7-ஐ விர்ச்சுவல் மெஷினில் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) போட்டு அங்கேயே சோதியுங்கள். 2.6 எப்போது நிற்கும் என்று தேதியும் சொல்லிவிடுங்கள், மார்ச் 31 மட்டும் வேண்டாம். கணக்கு முடிக்கிற நேரத்தில் யாரும் மென்பொருளை மாற்ற மாட்டார்கள்.

அவிநாசிக்காரன்:
டேக் இல்லைங்க, பழைய பேக்கப் சிடியில் இருந்து மீட்டேன். 2.6.1 ரெடி. பெருந்துறை அண்ணா சொன்னபடி, மூடிவைத்த மற்ற புகார்களையும் 4.2-ல் ஓட்டினேன். டெலிவரி சலானில் டஜன் கணக்கு தப்பாக வருவது இதிலும் இருக்கிறது. இன்று ராத்திரி அதைத்தான் பார்க்கிறேன்.