கார்டில் தெரிகிற சொல் வாக்கியத்தில் காலை வாருகிறது

வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வுக்கு இன்னும் 2 மாதம். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் அர்த்தம் என்று கார்டு போட்டுப் படிக்கும் ஆன்கி ஆப்பில் தினம் 10 ஆங்கிலச் சொல் வீதம் 4 மாதமாகப் படித்து 1,200 கார்டு சேர்ந்துவிட்டது. கார்டில் பார்த்தால் அர்த்தம் டக்கென்று வருகிறது. கோடிட்ட இடம் நிரப்பும் கேள்வியில் கோட்டை விடுகிறேன். 'எனர்வேட்' என்றால் தெம்பூட்டுவது என்று நேற்றும் டிக் அடித்தேன். அது தெம்பை உறிஞ்சுவதாம்! 'சாங்ஷன்' அதைவிட மோசம், அனுமதியும் அதுதான், தடையும் அதுதான்.

லத்தீன் வேர்ச்சொல் பட்டியல் பார்த்தாயிற்று. தமிழ் அர்த்தம் எழுதி ஒரு நோட்டும் போட்டேன். 'தணித்தல்' என்ற ஒரே சொல்லுக்கு எதிரே 'மிட்டிகேட்', 'அலீவியேட்', 'அஸ்வேஜ்' மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ஆங்கிலத் தலையங்கம் வாசிப்பது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கார்டில் முழு வாக்கியம் வைத்துப் படித்தவர்கள் சொல்லுங்கள்: 1,200 கார்டையும் மாற்றணுமா, தப்பு வருவதை மட்டும் மாற்றினால் போதுமா?